சும்மா ஒரு டெஸ்ட்

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். இருபத்தெட்டு வருஷமாகப் பஸ் கண்டக்டர். அதிலும், வாய் திறந்து 'ரைட்' சொல்லக் கூச்சப்பட்டு விசிலை வைத்தே காலம் தள்ளுகிறவன். அப்படிப்பட்டவன் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. எழுதப்போகிற விஷயமும் நாலு பேர் கூடிய இடத்தில் சொல்லத் தயங்குகிற விஷயம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பச்சை பிளாஸ்டிக் ஜக் இருக்கிறது. இரண்டு லிட்டர் பிடிக்கும். அதன் பாதி உயரத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு. ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டால் என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு அது. இதே மாதிரி இன்னொரு ஜக் அக்கா வீட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் கோட்டாறில் ஒரே கடையில் வாங்கினார். ஒன்றில் தண்ணீர் ஊற்றி மற்றதில் மாற்றி, அளவு சரிதானா என்று கடைக்காரர் முன்னாலேயே பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

அத்தான் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குக் கண்ணாடியும் நீலப் பேனாவும் இருக்கும். புதுக்கடை என்ற ஊருக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டிகள் வேகம் குறைக்கும். அங்கேதான் நிற்பார். ஏறியதும் சத்தம் போடமாட்டார், அதட்டமாட்டார். "ஒண்ணும் இல்ல, சும்மா பாக்குதேன்" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார். டிக்கெட்டைக் கொஞ்சம்தான் பார்ப்பார், கொடுக்கிறவரின் முகத்தை அதிகம் பார்ப்பார். என் வண்டியில் ஏறினால் முதலில் என்னைத்தான் சோதிப்பார். சொந்த மச்சினன் என்று ஒரு இளக்கமும் கிடையாது. ஆட்கள் பார்க்க என் தோல்பையைத் திறந்து காட்டச் சொல்வார். எனக்குக் காது வரை சூடாகிவிடும். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனால், மீன்குழம்பில் நல்ல துண்டாகத் தேடி எடுத்து என் தட்டில் அவரே வைப்பார். பகலில் நடந்ததைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

இந்த 'சும்மா' என்ற சொல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 2004-இல் அத்தானின் அண்ணனுக்கு வயிற்றில் கோளாறு வந்தது. அவரை நாங்கள் பெரியத்தான் என்போம். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை அத்தானும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். பெருங்குடலில் புற்று, முற்றிவிட்டது என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அத்தான் டாக்டர் கொடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அண்ணனுக்குத் தெரியப்பிடாது" என்றார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். நோய்க்காரனைத் தவிர ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில், களியக்காவிளை தாண்டியதும் பெரியத்தான் கேட்டார், "பேப்பர்ல என்ன எழுதியிருக்குலே?" அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஒண்ணும் இல்ல அண்ணா. சும்மா வாயு" என்றார். பெரியத்தான் உடனே பின்சீட்டில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். "உள்ளதா மக்கா?" உண்மையா என்று எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம். நான் தலையாட்டினேன். பம்பாயில் இருந்த மகளைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. வாயு இறங்கட்டும், கிறிஸ்மஸுக்குப் போகலாம் என்று அத்தான் சொன்னார். அக்டோபரில் பெரியத்தானை அடக்கம் செய்தோம். மகள் அடக்கத்துக்குத்தான் வந்தாள்.

ஐந்து வருஷம் கழித்து, 2009-இல், குவைத்தில் நர்ஸாக இருக்கும் அத்தானின் மகள் லீவில் வந்தாள். வந்த மூன்றாம் நாள் காலை ஆப்பத்தை அவர் தட்டில் வைத்துக்கொண்டே, "அப்பா, வயசு அறுபத்தினாலு ஆச்சுல்லா. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குத டெஸ்ட் ஒண்ணு உண்டு. எங்க ஆஸ்பத்திரியில அம்பது கழிஞ்சா எல்லாருக்கும் எடுப்பாவ. நமக்கும் நாகர்கோவில்ல எடுத்திருவோம்" என்றாள்.

"எனக்கு என்ன கேடு?"

"ஒண்ணும் இல்லப்பா. சும்மா ஒரு டெஸ்ட்."

நானும் அங்கே இருந்தேன். அத்தான் ஆப்பத்தைப் பிய்த்த கையை அப்படியே நிறுத்தினார். பெரியப்பாவின் நோயைச் சொன்னால் அப்பா பயந்துவிடுவார் என்று அந்தப் பிள்ளை அதைச் சொல்லாமல் விட்டாள். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வரலாம் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. சொல்லாமல் விட்ட இடத்தை அத்தான் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு அதுதானே தொழில்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்த ஒவ்வொன்றையும் அவர் டிக்கெட் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார். அக்கா குழம்பில் காரம் குறைத்தாள், ஏன்? பக்கத்து வீட்டுக்காரர் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வந்தார். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்திருக்கிறாள் என்று வாங்கி வந்ததுதான். ஆனால் பையை அத்தான் கையில் கொடுத்துவிட்டார். அதுவும் சந்தேகம். சபைப் போதகர் வழக்கமாக வந்து ஜெபித்தார். "எப்பவும் ரெண்டு நிமிஷம், இன்னைக்கு ஒம்பது நிமிஷம். கடிகாரம் பாத்தேன்" என்றார் அத்தான். மகள் லீவை ஒரு வாரம் நீட்டியதும், தனக்கு நோய்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. பிள்ளையின் பெட்டியில் ஏதாவது தாள் இருக்கிறதா என்று அவர் தேடியதை அக்கா பார்த்துவிட்டாள். "வயசான காலத்துல பிள்ளைக்க பெட்டியக் கெளறுதேரு, நாணமில்லாத மனுசன்" என்று அவள் சத்தம் போட்டாள். "நீங்க எல்லாரும் சேந்து மறைச்சா நான் எங்க போய்த் தேடட்டும் ஏட்டி?" என்று அவர் கேட்டாராம்.

டெஸ்டுக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. சாப்பாடு பாதியானது. உடம்பு மெலிந்தது. மெலிந்ததைப் பார்த்து மகள் உண்மையாகவே பயந்துவிட்டாள். அவள் முகத்தில் பயத்தைப் பார்த்து அத்தான் தன் கணக்கு சரி என்று முடிவு செய்தார். அவள் மறுபடி குவைத்துக்கு விமானம் ஏற ஒன்பது நாள்தான் இருந்தது. அவள் போய்விட்டால் அவரை அசைக்க ஆளில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெள்ளை வேட்டியோடு அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி காப்பி போட அடுக்களைக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மக்கா, உள்ளதச் சொல்லு. எனக்கு எவ்வளவு நாளுன்னு சொன்னாவ?"

"அத்தான், சத்தியமாட்டு ஒண்ணும் இல்ல. சும்மாதான்..."

"லேய், யாருகிட்ட சும்மாங்க? நான் எத்தன வருஷம் வண்டியில ஏறி 'சும்மா பாக்குதேன்'னு சொல்லியிருக்கேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சும்மா ஏறியிருப்பனா? யாராவது துப்பு தந்தாத்தான் ஏறுவேன். ஒனக்க வண்டி உட்பட."

அது எனக்கு அன்றுதான் தெரியும். யார் துப்பு கொடுத்தார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"எனக்க அண்ணன்கிட்ட நானும் இதே வார்த்தையத்தான் சொன்னேன். நீ பின்சீட்டுல இருந்து தலைய ஆட்டின. அதே தலையத்தானே இப்பவும் ஆட்டுத?"

அந்தத் தலையாட்டல் என்னையும் ஐந்து வருஷமாக உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பெரியத்தான் என்னை நம்பித்தான் வாயு மாத்திரை தின்றார். சத்தியம் செய்து பயனில்லை. சத்தியமும் எங்கள் ஊரில் நோய்க்காரர்களிடம் தாராளமாகச் செய்வதுதான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேறு எதுவும் தோன்றாமல் நான் சொன்னேன், "நானும் எடுக்கேன் அத்தான். ஒரே நாளு, ஒரே ஆஸ்பத்திரி."

கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "ஒனக்கு என்ன சோக்கேடு?"

"ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்கு?"

"சும்மா."

சொல்லிவிட்டு நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. மூன்று வாரத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. காப்பியோடு வந்த என் மனைவி பயந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். சிரித்து முடித்ததும் அத்தான் நிபந்தனை போட்டார். யாருக்கு என்ன வந்தாலும் தாள் அவர் கைக்கு முதலில் வரவேண்டும். அவருக்கு உள்ளதை நான் சொல்லவேண்டும், எனக்கு உள்ளதை அவர் சொல்லுவார். நான் ஒத்துக்கொண்டேன்.

ஆனாலும் அவருக்கு என்மேல் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. டெஸ்டுக்கு முந்தின நாள் ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவேண்டும். வயிறு கழுவிவிட்டதுபோல ஆகும்வரை போய்க்கொண்டே இருக்கும். ஜக்குகள் வந்தது அப்போதுதான். இரண்டு பேரும் அவர் வீட்டில் எதிரெதிரே இருந்து குடிக்கவேண்டும் என்றார். "வீட்டுல ஒரே கக்கூஸுதான் இருக்கு, யாரு முதல்ல போவிய?" என்று அக்கா கேட்டதும்தான் அந்த யோசனையைக் கைவிட்டார். நான் என் வீட்டிலேயே குடித்தேன். உப்பும் புளிப்புமாகக் குமட்டியது. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை போன் அடித்தது.

"கோட்டுக்கு மேலயா கீழயா?"

"மேல, அத்தான்."

"நான் கோட்டுக்கு வந்தாச்சு. நீ குடிக்காம வாழை மூட்டுல ஊத்துகியோ?"

"இல்ல அத்தான்."

"ஒனக்க பெண்டாட்டிகிட்ட போனக் குடு."

அவளிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டார். பேச்சின் நடுவிலேயே "இரு, வாறேன்" என்று போனைப் போட்டுவிட்டு ஓடுவார். இங்கே நானும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் அவரை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள், பிறகு என்னை. மயக்க மருந்து தெளிந்து நான் கண் விழித்தபோது என் கட்டில் பக்கத்தில் அத்தானின் மகள் நின்றிருந்தாள். "அப்பாவுக்கு எல்லாம் சரியா இருக்கு மாமா" என்றாள். "உங்களுக்கும் ஒண்ணும் இல்ல. சும்மா, குடல்ல சின்னதா ரெண்டு சதை வளர்ச்சி..." என்று சொல்லி என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அந்தச் சொல் நோய்க்காரன் பக்கத்திலிருந்து கேட்க எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது. அவள் பின்னால், ஆஸ்பத்திரி அங்கியோடு, மூக்குக் கண்ணாடி போட்டு, இரண்டு தாள்களைப் பிடித்துக்கொண்டு அத்தான் நின்றார். "நீ தள்ளு மக்களே" என்று மகளை விலக்கினார். இங்கிலீஷ் எழுத்துகளை விரல் வைத்து, டிக்கெட் எண் பார்ப்பதுபோல வாசித்தார்.

"ரெண்டு சதை. ஒண்ணு ஏழு மில்லிமீட்டர், மத்தது நாலு. ரெண்டையும் எடுத்தாச்சு. சோதனைக்கு அனுப்பியிருக்கு. கேன்சருன்னு எழுதல்ல. இல்லன்னும் எழுதல்ல. வியாழக்கிழமை தெரியும். இதுக்கு மேல எனக்கும் தெரியாது."

"இப்படியா மூஞ்சிக்கு நேர சொல்லுவிய?" என்று கூட வந்திருந்த என் மனைவி அழுதாள். அத்தான் தாளை மடிக்காமலே என் கையில் கொடுத்தார். அந்த நாலு நாளும் எனக்குப் பயம் இருந்தது. ஆனால் யார் முகத்தையும் ஒளிந்து பார்க்கவேண்டி வரவில்லை. வியாழக்கிழமை, கெட்டது எதுவும் இல்லை, ஆனால் ஐந்து வருஷம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்று தாள் வந்தது. அதையும் அவர்தான் வாசித்தார்.

2012-இல் ஒரு காலை, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபடியே அத்தான் இறந்துபோனார். நெஞ்சுவலி. அவரிடம் பொய் சொல்ல யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

போன மாதத்தோடு அந்த ஐந்து வருஷம் முடிந்தது. நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். "சும்மா ஒரு டெஸ்டுதானே, போயிட்டு வாங்களேன்" என்று என் மனைவி சொன்னாள். அவள் எதையாவது மறைக்கிறாளா என்று ஒரு வாரம் அவள் முகத்தையே பார்த்தேன். போன தடவை வந்த தாளை எடுத்து, விரல் வைத்து மறுபடி வாசித்துப் பார்த்தேன். கடைசியில் செவ்வாய்க்கிழமை பரணில் ஏறி ஜக்கை எடுத்துத் தூசி துடைத்தேன். காவிக் கோடு கொஞ்சம் உரிந்திருந்தது, ஆனால் தெரிந்தது. பொடியைக் கலக்கி மூன்று டம்ளர் குடித்திருப்பேன். போன் அடித்தது. எடுத்தால் அக்கா. நலம் விசாரிக்கவில்லை, ஒன்றும் இல்லை.

"லேய், கோட்டுக்கு மேலயா கீழயா?" என்றாள்.

"மேல அக்கா" என்றேன். அடுத்த டம்ளரை ஊற்றினேன்.

மறுநாள் காலை நானும் மனைவியும் ஆறே காலுக்குப் பஸ் ஏறினோம். ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வந்த தாளில் சதை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. தாளை நானே வாங்கி வாசித்துவிட்டு, அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். திரும்பும்போது புதுக்கடையில் இறங்கிப் புட்டும் பயறும் சாப்பிட்டோம்.