தவக்காலத்தில் நிரப்பிய கடதாசிகள்

அன்னப்பிள்ளை மாமிக்கு வாயில் புண் வந்து மணக்கத் தொடங்கின பிறகு, மாதா கோவிலில் அவ இருக்கிற நீட்டு வாங்கில் ஒருவரும் இருப்பதில்லை. ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப் போவோம். நானும் போயிருக்கிறேன். கிறேஸ் அக்கா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பிந்தி வந்தவ மாதிரி வந்து, "கொஞ்சம் அரக்கி இருங்கோ மாமி" என்று இடம் கேட்டுப் பக்கத்தில் இருப்பா. வாங்கு முழுக்க வெறுமையாய்க் கிடக்கும்.

மாமி அந்தப் புண்ணாலேயே செத்துப்போன அடுத்த வருஷம்தான் ஆராய்ச்சிக்காரர் எங்கள் பேசாலைக்கு வந்தார்கள். சண்டை முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். யாழ்ப்பாணத்து டொக்டர்மார், கொழும்பிலிருந்து சிலபேர், ஒரு வெளிநாட்டு டொக்டர் அம்மா, எல்லாரும் சேர்ந்து செய்த வேலை அது. வாய்ப் புற்றுநோய் ஆருக்கு வருகிறது, ஏன் வருகிறது, வரமுந்திப் பிடிக்கலாமா என்று பார்த்தார்கள். முதலில் எங்கள் ஊர், பிறகு முசலிப் பக்கம்.

வீட்டுக்கு வீடு போய்க் கேள்வி கேட்டு எழுத ஊரில் ஒரு ஆள் தேவைப்பட்டது. மீனவர் சங்கக் கந்தோரில் வள்ளங்களின் பதிவு எழுதுகிறவ கிறேஸ் அக்கா. எழுத்து மணிமணியாய் இருக்கும். அவவையே பிடித்தார்கள்.

'போன ஏழு நாளில் வெற்றிலையும் புகையிலையும் எத்தனை தரம் போட்டீர்கள்?' இதுதான் முக்கியமான கேள்வி. போடுகிறவர்களின் வாயை மட்டும் டொக்டர்மார் பார்ப்பார்கள். அக்கா இருநூறு வீட்டுக்கு மேல் ஏறி இறங்கினா. எல்லா வீட்டிலும் "இல்லை" என்றார்கள். அக்காவும் அப்படியே எழுதினா.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. அது தவக்காலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. விபூதிப் புதனுக்கு வெற்றிலைத் தட்டத்தைக் கழுவி அலுமாரிக்கு மேலே கவிழ்த்தால், உயிர்த்த ஞாயிறுதான் இறக்குவோம். எங்கள் ஒறுத்தல் அது. அக்காவும் விட்டிருந்தபடியால் அவவுக்கும் அதில் வித்தியாசம் தெரியவில்லை.

நானும் "இல்லை" என்றேன். எனக்கு வலப்பக்கக் கன்னத்துக்குள் வெள்ளையாய் ஒரு படை இருந்தது. கறி உறைத்தால் எரியும். மாமிக்கும் அப்படித்தான் தொடங்கினதாம். பயத்தில் ஒருவருக்கும் காட்டவில்லை. பொய் சொல்லாமலே தப்பினேன் என்று மாதாவுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

பிறகு நடந்ததை அக்கா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பரமநாதன் டொக்டர் அக்கா நிரப்பின கடதாசிகளைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாராம்.

"நல்ல ஊர் அம்மா. வெத்திலை போடாத ஊரெண்டு பதியப் போறம். நாளைக்கு முசலிக்குப் போறம்."

"எந்த ஊர் டொக்டர் போடாத ஊர்?"

"உங்கடை ஊர்தான்."

அக்கா கதிரையால் எழும்பிவிட்டா. "ஐயோ, இது தவக்காலம்! உயிர்த்த ஞாயிறு பூசை முடியேக்கை வந்து பாருங்கோ, ஊர் முழுக்க வாய் சிவப்பு."

"அப்ப இவ்வளவு பேரும் பொய்யோ சொன்னவை?"

"நீங்கள் கேட்டது போன கிழமையை. முப்பது வருஷமாய்ப் போட்டதை ஆர் கேட்டது? எனக்கும் உறைக்கேல்லை, பிழை என்ரை. எல்லாத்தையும் நானே திரும்ப எழுதித் தாறன்."

அந்த வெளிநாட்டு அம்மாவுக்கு விளங்கப்படுத்தினதும் தலையில் கைவைத்தாவாம். பிறகு சிரித்தாவாம். முசலிப் பயணம் பின்னுக்குப் போனது. கேள்வியையும் மாற்றினார்கள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை, டொக்டரையும் கூட்டிக்கொண்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா.

"இப்ப சொல்லு பிள்ளை, ஒரு நாளைக்கு எத்தனை தரம்?"

"ரெண்டு, மூண்டு..."

"எட்டெண்டு எழுதுறன். உன்ரை சிவந்த பல்லை நான் இண்டைக்கோ முதன்முதல் பாக்கிறன்?"

டொக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன். அக்கா பின்னாலே வந்தா. குரலைத் தணித்துக் கதைத்தா.

"நேத்துத் திருநாள் சாப்பாட்டிலை கண்டனான். நீ வலப்பக்கம் மெல்லுறேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமி மாதிரி ஆகிவிடுமோ அக்கா?"

"தெரியாது. மாமியும் மெல்லாமல்தான் இருந்தவ. கண்டும் நான் கேட்கேல்லை. உன்னட்டைக் கேக்கிறன். திற."

திறந்தேன்.

துளியளவு சதை எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். மூன்று கிழமை நித்திரை இல்லை, செபமாலைதான். புற்றுநோய் இன்னும் இல்லை, ஆனால் கவனியாமல் விட்டால் புற்றாய் மாறக்கூடியது என்று முடிவு வந்தது. மன்னார் ஆசுப்பத்திரியில் அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். வெற்றிலையை அடியோடு விட்டேன். எங்கள் ஊரில் என்னைப்போல ஏழு பேர் அகப்பட்டார்கள். ஒருவருக்கு மட்டும் பிந்திப் போயிற்று.

ஆறு மாதத்துக்கு ஒருக்கால் வாயைக் காட்ட வேண்டும். நாலு வருஷம் அக்காதான் பஸ்ஸில் கூட வந்தா. பிறகு முழங்கால் ஏலாமல் வவுனியாவில் மகளோடு போய் இருந்தா. அங்கேதான் போன கார்த்திகையில் கண்ணை மூடினா.

அவ வவுனியாவுக்குப் போன அன்று பஸ் ஏற்றப் போனேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, அக்கா யன்னலால் தலையை நீட்டினா.

"இருபத்திமூண்டாந் திகதி உனக்குக் கிளினிக். கூட வர ஆளில்லையெண்டு வீட்டிலை இருந்திடாதை. தனியப் போ."