யானைக்கு வயிறு தேடியது

பழைய விளம்பரத் தகடு சேர்ப்பவனுக்கு ஒரே ஒரு தகுதி போதும்: திட்டு வாங்கியும் நகராமல் நிற்கத் தெரிய வேண்டும்.

உங்களில் யாராவது தீப்பெட்டி லேபிள், பிஸ்கெட் டப்பா, காலண்டர் படம் என்று சேர்த்து வீட்டில் பேச்சு வாங்குகிறீர்களா? வாங்குவீர்கள். அப்படியானால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அடுத்த பக்கம் போகலாம்.

நிஜாம் ராஜ்யம். இரண்டாவது உலகச் சண்டைக் காலம். செகந்தராபாத் ரயில் பட்டறையில் நான் ஃபிட்டர். அதற்குச் சில வருஷம் முன்பு ஒரு சோப்புக் கம்பெனி, பெரிய கடைகளின் நெற்றியில் ஒரு யானையை மூன்று எனாமல் தகடுகளாக அடித்து வைத்திருந்தது. தலை ஒன்று, வயிறு ஒன்று, பின்பக்கம் ஒன்று. கீழே நாலு பாஷையில் சோப்பின் பெயர். சண்டை வந்து தகரம் கிடைக்காமல் போனதும் ஜனங்கள் பிடுங்கிக் கதவாகவும் கூரையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். எனக்கு அந்த யானை முழுசாக வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள்.

பின்பக்கம்

மோண்டா மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடை. யானையின் பின்பக்கம் மட்டும் ஒற்றை ஆணியில் தொங்கியது. "இதைக் கழற்றிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். கம்பெனி விளம்பரத்தைக் கழற்ற வருகிறவன் கம்பெனி ஆளாகத்தானே இருக்க முடியும்? பிடித்துக்கொண்டார். சோப்பு நுரைக்கவில்லை, தண்ணீரில் வைத்தால் காணாமல் போகிறது, ஒரு பெண்ணின் புடவைச் சாயத்தை எடுத்துவிட்டது. அந்தப் பெண்ணையும் கூப்பிட்டார். அவள் புடவையோடு வந்தாள். தெருவே கூடிவிட்டது.

நான் ரயில்வே ஆள் என்றேன். ரயில் தாமதம் பற்றியும் ஒருவர் ஆரம்பித்தார். கடைசியில் தகட்டைக் கழற்றி என் தலையில் வைத்தே அனுப்பினார் பாய். "நக்கோ மியா, தகரமும் வேணாம், சோப்பும் வேணாம், நுரை வர்ற மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லு உங்க துரைகிட்ட!"

தலை

மல்காஜ்கிரியில் யாதம்மா என்று ஒரு பால்காரி. அவள் எருமைக் கொட்டகைக்கு யானைத் தலைதான் கதவு. பலகைக் கதவு ஒன்று செய்து கொடுத்து மாற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் என் குவார்ட்டர்ஸ் வாசலில் எருமை நிற்கிறது. பக்கத்தில் யாதம்மா. புதுக் கதவைப் பார்த்து எருமை கொட்டகைக்குள் போகவில்லையாம், பாலும் தரவில்லையாம். யானையைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் எருமை இங்கேயே இருக்கும் என்றாள்.

தலையை விட எனக்கு மனசில்லை. பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். பலகைக் கதவில் நானே யானை வரைந்தேன். தும்பிக்கைக்கு இடம் போதாமல் சுருட்ட வேண்டியதாயிற்று. எருமை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. யாதம்மா இடுப்பில் கை வைத்து நின்று சொன்னாள்: "அதுக்குக் கண்ணு மங்கல், யானைன்னு நம்பிடுச்சு, எனக்குத்தான் பன்னியாத் தெரியுது."

இடைவெளி

கூடத்துச் சுவரில் இடது ஓரம் தலை, வலது ஓரம் பின்பக்கம். நடுவில் மூன்றடி வெறுஞ்சுவர். வருகிறவர்கள் முதலில் அந்த வெறுஞ்சுவரைத்தான் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரி கெடு வைத்தாள். "போகிக்குள்ள வயிறு வரணும். வரலேன்னா தலையும் வாலும் வெளியே. பழசை எறியற நாள்தானே அது?" அவள் சொன்னால் செய்வாள். போன போகிக்கு என் டப்பாக்கள் போயின.

பட்டறைத் தோழன் சின்னப்பன் காப்பி குடிக்க வந்தான். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் தொப்பையைப் பார்த்தான். "அண்ணே, எதுக்கு அலையறீங்க? நடுவுல ஸ்டூல் போட்டு நீங்களே உக்காந்துடுங்க."

வயிறு

வயிறு சிக்கடபள்ளியில் கிடைத்தது. ஜட்கா ஓட்டும் நரசிம்முலு வீட்டுக் கூடத்தில், மாலை போட்டு, குங்குமம் வைத்து, ஊதுவத்தி புகைய இருந்தது. வயிற்றுத் தகட்டில்தான் யானைப்பாகன் உட்கார்ந்திருப்பான்: பெரிய மீசை, தலைப்பாகை, நேராக நம்மைப் பார்க்கிற பார்வை. நரசிம்முலு அறிமுகம் செய்து வைத்தார். "எங்க நாயனா." அவருடைய அப்பா! படம் எடுக்காமலே போய்விட்டாராம். கடைவாசலில் இந்த மீசையைக் கண்டதும் குடும்பமே அழுதுவிட்டதாம்.

"உங்கள் அப்பா யானைப்பாகனா?" என்றேன்.

"இல்லை, ஜட்காதான். மேலே போனப்புறம் யானை கிடைச்சிருக்கு."

"ஐயா, இது சோப்பு விளம்பரம். கீழே பெயர் போட்டிருக்கிறதே?"

"ஹவ், ஆமா. நாயனா தினமும் சோப்புப் போட்டுத்தான் குளிப்பார்."

வாய் தவறி விலை கேட்டுவிட்டேன். சாட்டையைக் கையில் எடுத்தார். தெலுங்கில்தான் சொன்னார், திட்டு எந்தப் பாஷையிலும் புரியும். "உங்கப்பாவை நான் விலைக்குக் கேட்டா குடுப்பியா நீ?"

முழு யானை

போகியன்று காலை. வீட்டுக்காரி தலையைக் கழற்ற ஸ்டூல் போட்டுவிட்டாள். வாசலில் ஜட்கா நின்றது. நரசிம்முலு, மனைவி, நாலு பிள்ளைகள், அவர் தாயார். நாயனாவின் யானைக்குத் தலையும் பின்பக்கமும் என் வீட்டில் இருப்பதாக, என் புலம்பலைக் கேட்ட சின்னப்பன் போய்ச் சொல்லியிருக்கிறான். படுபாவி.

"தர முடியாது" என்றேன். வீட்டுக்காரி எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, தாராளமாக எடுத்துப் போகலாம் என்றாள். "முடியாது" என்று மறுபடி சொன்னேன். நரசிம்முலு சாட்டையைத் தொட்டார். தாயார் மட்டும் சுவரோரம் போய்த் தும்பிக்கையைத் தடவினார். அது எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பார்த்தார். பிறகு மகனிடம் மெதுவாகச் சொன்னார்: "இத்தனை வருஷமா உங்க நாயனா எந்தப் பக்கம் போறார்னே தெரியாம பூ வெச்சேன்டா."

நான் என்ன செய்வது, சொல்லுங்கள். இரண்டு தகட்டையும் நானே கழற்றினேன். ஜட்காவில் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர்கள் சுவரில் ரசமட்டம் வைத்து, விளிம்போடு விளிம்பு மயிரிழை பிசகாமல் சேர்த்து அடித்தேன். பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். முழு யானை. நாயனா கிழக்கே போய்க்கொண்டிருந்தார். தாயார் எனக்கும் ஒரு பூக் கொடுத்தார். நாயனாவுக்கு வைத்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பிய நரசிம்முலு என் தோளில் கை போட்டார்: "வருஷா வருஷம் நாயனா திதிக்கு வந்துடு, சாப்பாடு உண்டு, ஆனா ஆணி மேல கை வெச்சே, கையை ஒடிப்பேன்."

சேகரிப்பது என்றால், சுருக்கமாக, அடுத்தவன் வீட்டுச் சுவரில் நம் சுத்தியலால் ஆணி அடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது.