நோரீனும் செத்த பூனையும்

நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே நோரீன் கிளெட்ஹில் தன் வாயைத் திறந்துவிடுவாள். "டேய் கபோதி! பத்து மீட்டர் தள்ளி நிக்கணும்டா அவனுங்க! அளந்து பாக்க உங்க ஆத்தாகிட்ட டேப்பு வாங்கிட்டு வரட்டுமா?" இது ஆரம்பம்தான். ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்கச் சொற்களும் சூடாகும். அவற்றை இந்தப் பத்திரிகை அச்சிடாது. அச்சிட்டால் என் வீட்டுக்காரி பாலின் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

எங்கள் ஊர் ரக்பி லீக் மைதானத்தில் கிழக்குப் பக்கம் நின்று பார்க்கிற படிக்கட்டு. அதில் முதல் படி, கம்பியை ஒட்டி, நோரீனின் இடம். ஒரு படி பின்னால் என் இடம். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. வார நாட்களில் பள்ளிக்கூட முக்கில் மஞ்சள் கோட்டும், வட்டப் பலகை மாட்டிய கம்புமாக நின்று, பிள்ளைகள் சாலையைக் கடக்க வண்டிகளை நிறுத்திவிடுவது அவள் வேலை. அங்கே ஒரு கெட்ட வார்த்தை வராது. "நில்லு தங்கம்", "போ கண்ணு", அவ்வளவுதான். லாரிக்காரன் பிரேக் போடத் தாமதித்தால்கூட ஒரு பார்வை பார்ப்பாளே தவிரப் பேசமாட்டாள். புருஷன் ட்ரெவர், ஸ்பெயினுக்கு ஒரு வாரம் வெயில் காயப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரைக்கூட அவள் திட்டி நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து நடுவருக்குக் கொடுப்பாள். அந்த மனுஷனும் பாவம், வாங்கிக்கொண்டு போவார்.

டிவிக்காரர்கள் வந்த பிறகுதான் வினையும் வந்தது. பெரிய ஆட்டமென்றால் கூட்டத்தின் இரைச்சலும் வீடுவரை போகவேண்டுமாம். அதற்காகச் சாம்பல் நிற முடி போர்த்திய நீண்ட மைக் ஒன்றைக் கம்பியில் கட்டுகிறார்கள். ஒலிக்காரர்களே அதற்கு வைத்திருக்கும் பெயர் 'செத்த பூனை'. கட்ட அவர்களுக்குத் தோதாகக் கிடைத்த இடம் எது? நோரீனின் தாடைக்கு நேர் கீழே! ஆயிரம் ஆம்பிளைகள் கத்துவது வெறும் இரைச்சலாகப் போக, நோரீன் சொல்வது மட்டும் எழுத்துக்கு எழுத்து சுத்தமாக நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

முதல் தடவை வர்ணனையாளர், "உங்கள் காதில் ஏதேனும் விழுந்திருந்தால் நேயர்கள் மன்னிக்கவும்" என்றார். விஷயம் போனில் தெரிந்ததும் எங்கள் படிக்கட்டே கைதட்டியது. நோரீன் மகாராணி மாதிரிக் கையசைத்தாள். இரண்டாம் தடவை அவர் குரலில் கடுப்பு இருந்ததாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தின் நுணுக்கம் சொல்கிறவர் டக்கி ஷா. எங்கள் அணிக்காக ஆடி மூக்கை மூன்று தடவை உடைத்துக்கொண்ட எங்கள் ஊர்க்காரர். டிவிக்குப் போனதிலிருந்து டை கட்டிக்கொண்டு, வடிகட்டி வடிகட்டிப் பேசுகிறார். அவரும் சேர்ந்து "வருந்தத்தக்கது" என்றாராம். "வருந்தத்தக்கதாமே! நம்மூர்த் தண்ணி குடிச்ச வாயா இது?" என்று நோரீன் அவரை ஒரு வாரம் வறுத்தெடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் பேப்பர் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூட முக்கில் நின்றிருந்தேன். கிளப் செயலாளர் எல்லிஸ் பூத்ராய்டின் கார் வந்தது. நோரீன் கம்பை நீட்டி நிறுத்தினாள். பிள்ளைகள் கடந்துபோன பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்மா நோரீன், டிவிக்காரங்க கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இன்னொரு வாட்டி மன்னிப்புக் கேக்க வச்சா உன்னை அந்த இடத்துல நிக்க விடக்கூடாதாம். மேற்குப் பக்கம், மேல, கூரைக்கு அடியில நல்ல சீட்டாத் தர்றேன். மெத்தை போட்டது."

"மெத்தை எதுக்குய்யா? நான் என்ன தூங்கவா வர்றேன்? அங்கேருந்து கத்துனா புறாவுக்குத்தான் கேக்கும்."

"கத்த வேணாம்னுதானே சொல்றாங்க."

"பூனையைத் தள்ளிக் கட்டச் சொல்லு. அது நேத்து வந்தது."

"வயர் பொட்டி அங்கதாம்மா இருக்கு. என் கையில ஒண்ணுமில்ல."

பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. "போ எல்லிஸு," என்று வழிவிட்டாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தவள், பாலின் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "வாரம் பூரா நில்லு, போன்னு ரெண்டே வார்த்தைதான் பேசுறேன் பாலின். அந்தப் படியில நிக்கும்போதுதான் நான் மனுஷியா இருக்கேன். அதையும் புடுங்குறாங்களே," என்றாள். அவள் இல்லாத படியில் நின்று நான் என்னத்தைப் பார்ப்பது?

கோப்பைக் கால் இறுதி. எதிரணி பக்கத்து ஊர். சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி, தோற்றால் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். நோரீன் ஒரு பை நிறையக் காரமான புதினா மிட்டாயோடு வந்தாள். கோபம் வரும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டு மென்றாள். "நீ கண்ணைக் காட்டு, உனக்குப் பதிலா நாங்க திட்டுறோம்," என்று படிக்கட்டில் எல்லோரும் தைரியம் சொன்னோம். திட்டவும் செய்தோம். அவளுக்குத் திருப்தியில்லை. "இதுக்குப் பேரு திட்டா? பால்காரன் பாக்கி கேக்குற மாதிரி இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு இன்னொரு மிட்டாயைப் போட்டுக்கொண்டாள். இடைவேளைக்குள் அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. புதினாவா, ஆத்திரமா, தெரியவில்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். அவர்கள் ஆள் பந்தை வீசினான். பின்னால் வீச வேண்டிய பந்து, எங்கள் மூக்குக்கு நேரே, பட்டவர்த்தனமாக முன்னால் போனது. நடுவர் விசில் ஊதவில்லை. அவர்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிவிட்டார்கள். நாலு புள்ளி! படிக்கட்டு மொத்தமும் நோரீனைப் பார்த்தது. அவள் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. கழுத்துத் துண்டை இரண்டு கையாலும் வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தம் வரவில்லை, சத்தியமாக.

என் போன் அதிர்ந்தது. பாலின் எழுதியிருந்தாள்: 'டிவில மன்னிப்புக் கேட்டுட்டாங்க. நோரீன் என்ன சொல்லித் தொலைச்சா?'

மறைக்கத்தான் நினைத்தேன். நோரீன் போனைப் பிடுங்கிப் படித்துவிட்டாள்.

"நான் வாயே தொறக்கலையே! நீ பாத்தேல்ல? பாத்தேல்ல?"

"பாத்தேன் நோரீன். சாமி சத்தியமாப் பாத்தேன்."

"நம்புவாங்களாய்யா? என் பேரு கெட்டுக் கெடக்கே. போச்சு, எல்லாம் போச்சு." கம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. 'யார் சொன்னது, என்ன சொன்னது, உடனே சொல்லு' என்று பாலினுக்குக் குளிரில் மரத்த விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று எங்களைச் சுற்றிலும் கூட்டம் வெடித்தது. யாரோ என் முதுகில் குத்தினார்கள். தொப்பிகள் பறந்தன. எங்கள் ஆள் ஒருவன் மூலையில் பாய்ந்து பந்தை ஊன்றியிருக்கிறான். விசிலும் ஊதிவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம்!

"யாரு? யாரு போட்டது?" என்றாள் நோரீன், மூக்கைச் சிந்திக்கொண்டே. எனக்கும் தெரியவில்லை. பாலினின் பதில் அப்போதுதான் வந்தது.

'நோரீன் இல்ல. நம்ம டக்கி. பந்து முன்னால போச்சுல்ல, அப்போ நோரீன் சொல்ற அந்த நாலு கெட்ட வார்த்தையையும் வரிசையாச் சொல்லிட்டான். வர்ணனைக்காரர் மூச்சு நின்னுபோய் மன்னிப்புக் கேட்டாரு.'

நோரீன் இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை எனக்கே வாசித்துக் காட்டினாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு! "நம்ம பையன்யா அவன்! டை கட்டுனா மட்டும் போயிடுமா?" என்று என் தோளில் அடித்தாள். "அப்போ என் இடம்? என் இடம் இருக்குல்ல?"

"அசைக்க முடியாது. எல்லிஸ் இப்போ டக்கியைத்தான் தேடிக்கிட்டிருப்பான்."

அப்பாடா என்று அவள் விட்ட மூச்சில் என் கண்ணாடி மங்கிவிட்டது. எனக்கும் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

நடுவர் தன் ஆட்களோடு எங்கள் பக்கமாகத்தான் உள்ளே போக வந்துகொண்டிருந்தார். நோரீன் நிமிர்ந்தாள். தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். செத்த பூனையின் தலையில் அதை மாட்டிக் காதுவரை இழுத்துவிட்டாள். கழுத்துத் துண்டை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, பிள்ளைக்கு முடிவது போல நன்றாக முடிந்தாள். பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.