செட் கெட்டால் பேசுகிறவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வரதராஜன்பேட்டை லீலா மேரி இதை மாதா படத்துக்கு முன்னால் நின்று சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம் இருந்தது.

1978. பெரம்பலூரில் குடித்தனம். அவள் புருஷன் சவரிராஜுக்குப் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு ரேடியோ நிலையத்தில் வேலை. ஓர் ஓட்டுக் கட்டடம், உயரமான ஒரு கம்பம், அவ்வளவுதான். மெட்ராஸுக்கும் திருச்சிக்கும் நடுவே பறக்கிற விமானங்களோடு பேசி, எது எந்த உயரத்தில் வருகிறது என்று திருச்சிக்கு போனில் சொல்ல வேண்டும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலை. இன்னொருத்தர் மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் போடவில்லை.

பேசுகிற ரேடியோ செட்டும் பழசு. வெயில் ஏறினால் சூடாகிப் படுத்துவிடும். விமானி கத்துவான், இவருக்குக் கேட்காது. இவர் கத்துவார், அவனுக்குக் கேட்காது. போனில் மேலதிகாரி இரண்டு பேருக்கும் சேர்த்து இவரிடம் கத்துவார். பல நாள் சவரிராஜ் வீட்டுக்கே வரமாட்டார். வந்தாலும் சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிப்போவார். லீலா மேரி கந்தர்வகோட்டையில் இருக்கிற தன் அண்ணனிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஆனால் அவளைக் குடைந்தது அது இல்லை. தூக்கத்தில் அவர் பேசினார்.

"சரிம்மா… சொல்லும்மா… கேக்குது."

கல்யாணமாகி மூன்று வருஷம். அவளை அவர் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார். இந்தக் குழைவை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

யார் அந்த அம்மா?

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு கேரியரைத் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அரியலூர் பஸ் ஏறினாள்.

கட்டடத்தை நெருங்கும்போதே கேட்டது. ஒரு பெண் குரல். மெல்லிசாக, கொஞ்சுகிற மாதிரி. ஜன்னல் வழியாக வந்தது.

அவள் உடம்பெல்லாம் எரிந்தது. கதவைத் தள்ளினாள்.

உள்ளே சவரிராஜ் மட்டும்தான். மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

செட்டின் பின்பக்கம் திறந்து கிடந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்தார்.

குரல் நிற்கவில்லை.

மேஜைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து வந்துகொண்டிருந்தது…

லீலா மேரி அதை எடுத்துக் காதில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில்.

"யாரு?"

குரல் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா… அவரு ரெண்டு நாளா கண்ணு மூடல. தூங்கட்டும்னுதான் பாத்தேன். இப்ப எழுப்புங்க."

"எம் புருசன் தூங்குனதும் தூங்காததும் உனக்கெப்புடிடீ தெரியும்?"

"எட்டாயிரம் அடியில ரெண்டு ஏரோப்ளேன் வருதுக்கா. எதிரும் புதிருமா."

"நீ யாருடி?"

"எழுப்புங்கக்கா…"

இவள் சொல்லி நான் எழுப்புவதா? அந்தக் கோபத்தில் ஒரு கணம் அப்படியே நின்றாள்.

"அக்கா…"

குரல் அழுதது.

லீலா மேரி புருஷன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எட்டாயிரத்துல ரெண்டாம்!"

யார் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. பாய்ந்து போனை எடுத்தார். மெட்ராஸ் விமானம் பன்னிரண்டாயிரத்தில் இருப்பதாகத்தான் திருச்சியில் நினைத்திருந்தார்கள். திருச்சிக்குக் கிட்டே வந்துவிட்டதால் அவர்களே ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்டார்கள். எட்டாயிரத்துக்கு இறங்கியிருந்தது. அடித்துப் பிடித்து மேலே ஏற்றினார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஓடுகள் அதிர்ந்தன.

ஒரு சத்தம்.

உடனே… எதிர்த்திசையில் இன்னொரு சத்தம்.

சவரிராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அவளா சொன்னா?"

அந்த 'அவ' என்ற சொல்தான் அவளைக் குத்தியது.

"எத்தன நாளா?"

"நாலு மாசமா. செட்டு கெட்டா மட்டும் பேசும். ஒரு தடவகூடத் தப்பாச் சொன்னதில்ல."

"பேரு கேட்டீங்களா?"

"கேட்டேன். சொல்லல."

"கேட்டீங்கள்ல!"

 கேரியரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வாசலில் காவலாளி அங்கமுத்து நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார் போல. அவளாகக் கேட்காமலே சொன்னார்.

"நம்ம சாருக்கு முன்னாடி இந்த வேலையில இருந்த உத்திராபதி சாரு சம்சாரமா இருக்கும்மா. அம்சவள்ளி. ஆளில்லாம அவரு மூணு நாளு ஒத்தையாப் பாத்தாரு. அவரு செத்த நேரம் தூங்கட்டும்னு அந்தப் புள்ள அந்த ஹெட்போனக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துச்சு. கம்பத்துல இடி இறங்கிடுச்சு."

"செத்துட்டாளா?"

"இல்லம்மா. குரும்பலூர்ல அவங்க அம்மா வூட்டுல இருக்கு."

உயிரோடு இருக்கிறாள்! லீலா மேரிக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. பேய் என்றால் மாதாவிடம் முறையிடலாம். பெண் என்றால்? அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தே ஆகவேண்டும்.

மறுநாள் சவரிராஜ் வேலைக்குக் கிளம்பியதும் குரும்பலூர் டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

கயிற்றுக் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இவள் வயசுதான். களையான முகம். லீலா மேரியைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்கூடப் பேசுனது நீதானா?"

அம்சவள்ளி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

அவள் தாய் இருசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அதுக்குப் பேச்சு போயி ரெண்டு வருசம் ஆச்சும்மா. இடி விழுந்த அன்னிக்கே போயிடுச்சு. தொண்டையில ஒண்ணுமில்லங்குறாங்க திருச்சி ஆஸ்பத்திரியில. கொரல் எங்க போச்சுன்னுதான் தெரியல."



அப்போது அம்சவள்ளி நிமிர்ந்தாள். கண் கூரையைப் பார்த்தது. உதடுகள் வேகமாக அசைய ஆரம்பித்தன. சத்தம் இல்லை… மூச்சுகூட இல்லை…

"ஏரோப்ளேன் வருது," என்றாள் இருசம்மாள்.

லீலா மேரி வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. காது கொடுத்தாள். கோழி கொக்கரிப்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

"இப்பக் கேக்காதும்மா. அதுக்கு எப்பவும் முன்னாடியே தெரியும்."

நின்றாள்.

வெகு நேரம் கழித்து… வடக்கே… மெல்ல ஓர் இரைச்சல் எழுந்தது.

அன்று சாயங்காலம் சவரிராஜ் வீட்டுக்கு வந்தார்.

"காலையிலேருந்து செட்டு சுத்தமாப் படுத்துடுச்சு," என்றார்.

அவர் முகத்தில் அலுப்பே இல்லை.