வாய்க்கால் மேல் பிள்ளையார்

எங்கள் காலனிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புறம்போக்கை வளைப்பதென்றால் முதலில் அங்கே ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துவிட வேண்டும். அப்புறம் எந்த அதிகாரி வந்து கடப்பாரையைத் தூக்குவார்? தொண்ணூறுகளில் எங்கள் இரும்புலியூரில் மூலைக்கு மூலை பிள்ளையார் முளைத்தாரே, எல்லாம் பக்தியா என்ன!

எங்கள் தெரு முனையில் ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறுகிற வாய்க்கால் ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் காய்ந்து, குப்பையாகக் கிடக்கும். அதைக் கட்டட இடிபாடு கொட்டி மூடி, குறுக்கே சுவர் எழுப்பி, பிள்ளையாரை வைத்தார்கள். முன்னின்று செய்தவர் என் புருஷன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் இல்லையா! இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்ததும் கோர்ட்டுக்கு ஓடி ஸ்டே வாங்கினார். அன்றைக்குத் தெரு முழுக்கச் சுண்டல்.

"மழை வந்தா தண்ணி எங்க போகும்?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுலயும் நொட்டை சொல்லணும்" என்றார்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் ஏரி நிரம்பி, தண்ணீர் வாசப்படி தாண்டி உள்ளே வந்துவிட்டது. மாடி இல்லாத வீடு. கூடத்தில் என் மாமனார், பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்தோம். செங்கல் முழுகியது. மேலே இன்னொன்று வைத்தோம். தூக்கிக்கொண்டு போய்விடலாமென்றால் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் ஆளை இழுக்கிறது. பேச முடியாத மனுஷர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சுவரை இடிங்க" என்றேன்.

"நாமளே இடிச்சா கேஸ் போயிடும்."

"ஐயோ, உங்க அப்பா போயிடுவாரே!"

அவர் அப்பாவின் தலையைத் தாங்கியபடியே நின்றார். நான் வீடுகளின் மதில்களைப் பிடித்துப் பிடித்துத் தெரு முனைக்குப் போனேன். பக்கத்துத் தெரு பால்காரர் ஏற்கெனவே கடப்பாரையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார், சாமி மேல் கை வைக்கப் பயந்துகொண்டு.

"அக்கா, எங்க வூட்லயும் தண்ணி பூந்துகினு கீது. சாமிய நீ தூக்கிக்கோ. சொவத்த நான் பாத்துக்கறேன்."

நல்லவேளை, கும்பாபிஷேகம் ஆகாத பிள்ளையார். அசைத்ததும் பீடத்தை விட்டு வந்துவிட்டார். மன்னிச்சுக்கோப்பா என்று சொல்லி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பால்காரர் குத்தக் குத்தச் சுவர் அசையவே இல்லை. பாவி மனுஷன் எவ்வளவு கெட்டியாகக் கட்டியிருக்கிறார் என்று என் புருஷனை வாய்விட்டுத் திட்டினேன். திடீரென்று ஒரு மூலை பெயர்ந்தது, தண்ணீர் அந்த வழியாக இடிபாட்டை அரித்துக்கொண்டு சீறிப் பாய்ந்தது. வீட்டுக்கு ஓடி வந்தபோது மாமனாரின் மெத்தை நனைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

தை மாதம் வக்கீலிடமிருந்து தகவல் வந்தது. கேஸில் ஜெயித்துவிட்டோமாம். இனி அந்தக் கோயிலை யாரும் தொட முடியாதாம். சங்கத்துக்காரர்கள் அதே இடத்தில் மறுபடி கட்டத் தீர்மானம் போட்டு, சமையலறை அலமாரியில் நான் வைத்திருந்த பிள்ளையாரைக் கேட்டு வந்தார்கள். முன்னால் நின்றவர் என் புருஷன்.

நான் கூடத்தைக் காட்டினேன். கட்டிலுக்கு அடியில் வைத்த செங்கலை நான் எடுக்கவே இல்லை.

"முதல்ல உங்க அப்பாவைக் கொண்டுபோய் அந்த வாய்க்கால்ல படுக்க வைங்க. அப்புறம் சாமியைத் தர்றேன்" என்றேன்.