பெயர் கூப்பிடாத வெள்ளிக்கிழமை

போதைப்பொருளைக் கொஞ்சமாகச் சட்டைப்பையில் வைத்திருந்தால் இனி குற்றமில்லை என்று சட்டம் வந்தது. பிடிபட்டவருக்குச் சிறை கிடையாது, ஒரு சீட்டு கொடுப்பார்கள். பத்து நாளைக்குள் ஆலோசனை அலுவலகத்துக்குப் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்தை எங்கே வைப்பது என்று மேலிடம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பழைய நீதிமன்றக் கூடத்திலேயே வைத்தது. கூண்டைக்கூட அகற்றவில்லை. மருத்துவர் தன் குடையை அதில்தான் மாட்டினார். அங்கே எழுத்தராக இருந்த பெண்ணுக்கும் மேசை மாறவில்லை. டவாலியும் மாறவில்லை. இருபத்தாறு வருடமாக நீதிமன்ற வாசலில் நின்று ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்தவர் அவர். இப்போதும் சீட்டோடு வந்தவரின் பெயரையும் அப்பா பெயரையும் தெருக்கோடி வரை கேட்கும்படி மூன்று முறை முழங்கினார். முதல் மாதம் நாற்பது சீட்டு, வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் கழிப்பறை தேடி வந்தவர்.

"மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை" என்று மேலதிகாரி அறிக்கை எழுதினார். பக்கத்து ஊரிலும் இதே சட்டம்தான். அங்கே பல் மருத்துவமனை வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டார்கள், பெயர் கிடையாது, டோக்கன் நம்பர் மட்டும். கூட்டம் வந்தது. அங்குள்ள மக்கள் மட்டும் எப்படிப் பக்குவப்பட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த எழுத்தருக்குக் கேட்கத் தோன்றியது. ஏனென்றால் சீட்டு வாங்கியவர்களில் அவள் தம்பியும் ஒருவன். அந்த மாதம் இரண்டு முறை குளியலறையில் மயங்கிக் கிடந்தவன். வெள்ளிக்கிழமையோடு பத்து நாள் முடிகிறது.

"நாளைக்கு வாடா."

"ஏன்க்கா, அந்தாளு கத்துறதைக் கேட்டா நான் கொலை கிலை பண்ணிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வருது. செத்தாலும் வரமாட்டேன்."

செத்துவிடுவான் என்பதுதான் அவள் பயம்.

மறுநாள் காலை டவாலியிடம் போனாள். "அண்ணே, இனிமே பேரு கூப்பிடாதீங்க."

"கூப்பிடலேன்னா எனக்கு இங்க என்னம்மா வேலை?"

நியாயமான கேள்வி. அரசாங்கங்களே இதற்குப் பதில் தெரியாமல்தான் திணறுகின்றன.

"வாசல்ல நின்னு, வர்றவங்களைப் பின்பக்கம் அனுப்புங்க. மெதுவா சொல்லுங்க."

"மெதுவாவா?" அவர் தொண்டையைத் தடவிக்கொண்டார். "முயற்சி பண்றேன்."

மருத்துவரின் நாற்காலியைப் பின்னால் சைக்கிள் கொட்டகையை ஒட்டிய அறைக்கு இழுத்துப் போட்டாள். விதியில் இடமில்லை என்றார் மருத்துவர். கூடத்துல கூட்டம் மட்டும் இருக்கா என்றாள் அவள். அவர் எழுந்து வந்தார். தம்பிக்குப் போன் போட்டு, பேரு கூப்பிட மாட்டாங்க, பின்பக்கமா வா என்றாள்.

பதினொரு மணிக்குத் தம்பி கொட்டகை ஓரமாகத் தலையை நீட்டினான். உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு அவள் வெளியே நின்றாள். முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தவன் கண் சிவந்திருந்தது, கையில் மருந்துச் சீட்டு.

"அடுத்த வெள்ளியும் வரச் சொல்லியிருக்காரு. பட்டறையில என்கூட ஒருத்தன் இருக்கான், அவனையும் கூட்டிட்டு வரவா? ஆனா அவன் இன்னும் மாட்டல, சீட்டு இல்ல."

சீட்டு இல்லாதவரைப் பார்க்கச் சட்டத்தில் வழியே இல்லை.

"கூட்டிட்டு வா," என்றாள் அக்கா. "டாக்டர் சும்மாதான் உக்காந்திருக்காரு."