உட்காரும் உத்தியோகம்

மலேசியாவின் ரந்தாவ் வட்டாரத்தில் மணியத்தை, உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவர் என்று சொல்வார்கள். கேட்பவர் அதை வசையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சிரம்பான் சாலையோரம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இயங்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலித் தொழிற்சாலையில், பத்தொன்பது ஆண்டுகள் நாற்காலிகளின்மேல் உட்கார்வதே அவருடைய வேலையாக இருந்தது.

அவர் அங்கே சேர்ந்தது என்னவோ லோரியில் சரக்கு ஏற்றத்தான். ஒருநாள் மதியம், களைப்பாற ஒரு புது நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலி நான்காகப் பிரிந்தது. மேற்பார்வையாளர் குணாளன் ஓடிவந்து முதலில் நாற்காலியைப் பார்த்தார். பிறகு மணியத்தைப் பார்த்தார். பிறகு நேரே மேலாளரின் அறைக்குப் போனார். மறுநாள் முதல் மணியம் லோரிப் பக்கம் போகவில்லை.

வார்ப்பிலிருந்து இறங்கும் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு நாற்காலியை உருவி நடுவில் வைப்பார்கள். மணியம் வேட்டி கட்டிய மாப்பிள்ளையைப் போல் நிதானமாக வந்து உட்கார்வார். பின்னால் சாய்வார், இடப்புறம் அசைவார், வலப்புறம் அசைவார். நாற்காலி தாங்கினால், இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி, “ஜாடி!” என்பார். மலாயில் அதற்கு ஆயிற்று என்று பொருள். காலொன்று முனகினாலும், “தாக் ஜாடி!” என்பார். ஆகவில்லை என்று பொருள். அந்த அடுக்கு முழுவதும் மீண்டும் அரைவைக்குப் போய்விடும். மேலாளரே வந்து கெஞ்சினாலும் அத்தீர்ப்பு மாறாது.

அவருடைய எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. உடம்பைக் குறைக்கச் சொன்ன மருத்துவரிடம் மணியம் பணிவாக, “டாக்டர், இது கம்பெனி எடை லா. நானா குறைக்க முடியாது,” என்று விளக்கினார். மதிய உணவில் இரண்டாவது தட்டு நிறுவனத்தின் செலவு என்பதால், அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது.

பிறகு ஒருநாள், கூலி கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. இங்கே ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூவர் கிடைக்கும் நாடு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். வார்ப்பு அச்சுகள் கப்பலேறின. இயந்திரங்கள் கப்பலேறின. மணியத்தைக் கப்பலேற்ற எவருக்கும் தோன்றவில்லை. ஒரே ஆளாக மூன்று பேர் எடை கொண்டவரை விட்டுவிட்டு, மூன்று ஆட்களைத் தேடிப் போனார்கள் என்று குணாளன் பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

இயந்திரங்களை ஓடவிட்டுவரக் குணாளனைத்தான் அனுப்பினார்கள். அங்கிருந்து திரும்பும் நாளில் அவர் அந்நாட்டுப் பணியாளர்களிடம், மொழிபெயர்ப்பாளர் மூலம், ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு நாற்காலியில் ‘ஓராங் பெசார்’ ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மலாயில் அழுத்திச் சொன்னார். மணியத்தை மனத்தில் வைத்துத்தான் சொன்னார். ஆனால் ஓராங் பெசார் என்பது சொல்லுக்குச் சொல் பெரிய ஆள் என்றாலும், மலாயில் அது பிரமுகரையே குறிக்கும். தமிழிலும் நாம் பெரிய ஆள் என்றால் உடம்பையும் சொல்வோம், பதவியையும் சொல்வோம். மொழிபெயர்த்தவர் பதவியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு பழுதுபார்க்கப் போன குணாளன் அதன் விளைவைக் கண்ணால் கண்டார். கழுத்துப்பட்டையோடு பொது மேலாளர் எழுந்தருளினார். ஈர்க்குச்சி போன்ற மனிதர். நாற்காலி நுனியில் ஒரு நொடி உட்கார்ந்து எழுந்தார். பணியாளர்கள் கைதட்டினார்கள். எல்லா அடுக்குகளும் தேறின. பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புத் தூளைக் கூட்டிச் செலவை மேலும் குறைத்தார்கள், அப்போதும் தேறின.

அந்த நாற்காலிகள் அதே பெயரோடு, மூன்று ரிங்கிட் மலிவாக, ரந்தாவுக்கே விற்பனைக்கு வந்தன. சாப்பாட்டுக் கடையில் ஒன்று முறிந்தது. சாவு வீட்டில் ஒன்று முறிந்து, அழுதுகொண்டிருந்தவர்களை ஒரு கணம் அழுகை மறக்கச் செய்தது. அன்றிலிருந்து மணியம் யார் வீட்டுக்குப் போனாலும், உட்காரும் முன் நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் பொறித்த நாட்டின் பெயரைப் படிக்கலானார். பழையதென்றால் உட்கார்வார். புதியதென்றால் நிற்பார், நிற்பதோடு மற்றவர்களுக்கும் சொல்வார். விருந்துக்கு அழைத்தவர்கள் இதை விரும்பவில்லை.

இந்நிலையில் அவருடைய ஒரே மகள் ஷாமினிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை ஜீவானந்தன் சிரம்பானில் வங்கி அதிகாரி. அவருடைய தகப்பனார் செல்வநாயகம் ராசாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். பாட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாதவர். தோட்டக் குடியிருப்புப் பெண் என்று அவர் தயங்கியதும், பிறகு மனம் இசைந்ததும் நான்கு ஆண்டுக் கதை. ஆகவே மணியத்தின் மனைவி அஞ்சலை, முதல்நாளே கணவரிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

“நாளைக்கு நாக்காலியப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. கவுத்தீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

மணியம் ஒப்புக்கொண்டார். ஆனால் தோட்ட மண்டபத்துக்குள் காலடி வைத்ததும் அவருக்கு வியர்த்தது. மண்டபக் குழுத் தலைவர் தர்மராஜ், புத்தம் புதிய நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார். கவிழ்க்காமலேயே மணியத்துக்கு நாடு தெரிந்தது. மலிவாக வாங்கிய சாமர்த்தியத்தைத் தர்மராஜ் வந்தவர்களிடமெல்லாம் விவரித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். செல்வநாயகம் கைகூப்பிவிட்டு, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, “இருங்கோ,” என்றார். யாழ்ப்பாணத்தார் பேச்சில் அது உட்காருங்கள் என்பதாகும். தோட்டத்துப் பேச்சில் காத்திருங்கள் என்பதாகும். மணியம் நிம்மதியோடு, “இருக்கேங்க,” என்று சொல்லி நின்றார்.

“இல்லை, இருங்கோ.”

“இருக்கேன் சார். எவ்வளவு நேரம்னாலும் இருக்கேன்.”

பெண்ணின் தகப்பனார் நிற்கையில் தாம் உட்கார்வது மரியாதை அன்று என்று செல்வநாயகமும் நின்றார். அவர் நிற்பதால் அவர் மனைவி கமலாதேவி நின்றார். சம்பந்திமார் நிற்பதைக் கண்டு, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஐயர் மட்டும் பலகையில் அமர்ந்து, இது எந்தக் குலத்து வழக்கமோ என்று அண்ணாந்து பார்த்தார். நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. ஷாமினி அலங்கார அறையின் வாசலிலிருந்து தகப்பனாரைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது.

செல்வநாயகத்தின் முகம் மாறிற்று. தாம் முன்பு தயங்கியதற்கு இவர் இப்போது பழிதீர்க்கிறாரோ என்ற ஐயம் அவருக்கு. அதை வெளிக்காட்டாமல் அருகில் வந்து, இரண்டு கைகளையும் மணியத்தின் தோள்மேல் வைத்து, “எங்களில ஏதும் மனக்குறையே? அப்பிடி இல்லையெண்டால் இதில இருங்கோ,” என்று சொல்லி, அன்போடு அழுத்தினார்.

இதற்குமேல் நிற்பது மகளின் வாழ்வோடு விளையாடுவதாகும். மணியம் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

நாற்காலியின் நான்கு கால்களும் நான்கு திசைகளுக்குப் புறப்பட்டன. தரையில் கிடந்த மணியத்தின் வாயிலிருந்து, பத்தொன்பது ஆண்டுப் பழக்கம், இயந்திர இரைச்சலை மீறும் அதே குரலில் வெளிப்பட்டது.

“தாக் ஜாடி!”

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும், நிச்சயதார்த்த மண்டபத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தோன்றாது. பெண்ணைப் பெற்றவரே கல்யாணம் நின்றுவிட்டது என்று அறிவித்துவிட்டார். கமலாதேவி தாம் கொண்டுவந்த சேலைத்தட்டை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஜீவானந்தன் வெளுத்துப்போனார்.

“ஐயோ, சொல்லித் தொலைங்க,” என்றார் அஞ்சலை. சத்தியம் விலகியது.

எழ முடியாத மணியம் தரையிலிருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். தாம் ஆகாது என்றது நாற்காலியைத்தான் என்றார். தம் உத்தியோகத்தைச் சொன்னார். இடம்பெயர்ந்த தொழிற்சாலையையும், ஓராங் பெசாரையும், கழுத்துப்பட்டை மேலாளரையும் சொன்னார். செல்வநாயகம் அலுவலகத்தில் முறையீடு கேட்பவரைப் போலச் சிரிக்காமல் கேட்டார். அவரும் மெலிந்த மனிதரல்லர். கேட்டு முடித்ததும், தமக்கென்று போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்தி அடிப்பக்கத்தைப் படித்தார். படித்தபின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மணியத்தின் பக்கத்தில் தரையிலேயே அமர்ந்தார்.

“சரி. அப்ப பிள்ளையளின்ர விஷயம்?”

“அது ஜாடி சார். அதுல ஒரு ஆட்டமும் இல்ல.”

கமலாதேவி தட்டை மறுபடியும் முன்னால் தள்ளினார். பாய்கள் வந்தன. இரு வீட்டாரும் நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஓரமாக அடுக்கினார்கள். தரையிலேயே தட்டு மாறிற்று. தர்மராஜ் மட்டும், வாங்கியவர் என்ற கௌரவத்துக்காக நாற்காலியிலேயே வீற்றிருந்தார். பாதி எடையைத் தொடையில் தாங்கிக்கொண்டு அவர் பட்ட பாட்டை வேர்வை காட்டிக்கொடுத்தது.

சாப்பாட்டுக்கு அழைத்தபோதுதான் புதிய சிக்கல் தெரிந்தது. மணியத்துக்கு உடம்பு எழ விடவில்லை. செல்வநாயகத்துக்கு முழங்கால் விடவில்லை. பிடித்து எழுந்திருக்க யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பிறகு இலைகளே அவர்கள் இருந்த இடத்துக்கு வந்தன. ஷாமினி இரண்டாம் முறை சோறு போட வந்தபோது, மணியம் பழக்கத்தால் இலையை முன்னால் நகர்த்தினார்.

“ஆறுதலா இருங்கோ,” என்றார் செல்வநாயகம், தம் பங்கு அப்பளத்தையும் அவர் இலைக்கு மாற்றிக்கொண்டே.

“இருக்கேங்க,” என்றார் மணியம்.